நிரல் மரபும் மரபு வழுவும்

தமிழிலக்கண நூலார் வழுக்களை ஏழாக வகுத்தனர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்பன அவை. இவற்றுள் 'அவன் வந்தாள்' என்பது போன்ற பால் வழு, தொடரின் உறுப்புக்கள் தம்முள் முரணி நிற்றலால், மொழியறிந்தார் எவர்க்கும் உடனே புலப்படும். மரபு வழுவோ அத்தன்மையதன்று. 'பசுக்குட்டி மேய்ந்தது' என்னுந் தொடரில் எழுவாயும் பயனிலையும் இயைந்தே நிற்கின்றன, பொருளும் விளங்குகின்றது. ஆயினும் அது வழுவே. பசுவின் இளமைக்குக் கன்று என்பதே பெயர். ஏன் அவ்வாறு என்று வினவின், முன்னோர் அவ்வாறு வழங்கினர் என்பதன்றி வேறு விடையில்லை. இத்தகைய பெயர்களைத் தொகுத்துக் கூறுதற்கெனத் தொல்காப்பியர் பொருளதிகாரத்தின் இறுதியில் மரபியல் என்னும் ஓரியலையே வகுத்தார்.

கணினிக்கு நிரல் எழுதுவோரிடத்தும் இவ்விருவகைப் பிழைகளும் நிகழ்கின்றன. வரியின் இறுதியில் வரவேண்டிய குறி விடுபட்டாலும், முன்னர் அறிவிக்கப்படாத மாறியொன்றை எடுத்தாண்டாலும், தொகுப்பான் என்னும் மொழிபெயர்ப்பு நிரல் அதனைச் சுட்டிக்காட்டி மேற்செல்ல மறுக்கும். மரபு வழுவை அது காணாது. ஒரு செயலைச் செய்யும் சார்புக்கு 'அஆ' என்று பெயரிட்டாலும், முழு நிரலையும் இடைவெளியின்றி ஒரே தொடராக நெருக்கி எழுதினாலும், அதற்கு எல்லாம் ஒன்றே. இக்குறை 'சி' என்னும் மொழியில் மிகுதி. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி ஆக்கிய அம்மொழி, நிரலாளனை முற்றும் நம்பி, அவனுக்குப் பெருஞ் சுதந்திரம் அளித்தது; அச்சுதந்திரத்தாற் பிறக்கும் குழப்பத்தைத் தீர்க்கும் பொறுப்பையும் அவன் தலையிலேயே சுமத்தியது. ஆதலாற் பலர் கூடிச் சி மொழியில் ஒரு நூலகத்தை, அஃதாவது பிற நிரல்கள் எடுத்துப் பயன்கொள்ளுமாறு ஆக்கப்பட்ட சார்புகளின் தொகுதியை, எழுதுமிடத்தெல்லாம் நடை பற்றிய மரபேடொன்றும் உடன் தோன்றுகின்றது.

அத்தகைய மரபேடுகளுள் இலங்கையர் கைவண்ணம் மிகுந்த ஒன்று அக்சிஸ்2/சி என்னும் நூலகத்தினுடையது. அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் பெயரால் வெளிவந்த இந்நூலகம், வலையின் வழியே ஒரு கணினியின் நிரல் மற்றொரு கணினியின் நிரலுக்குச் செய்தியனுப்பி விடைபெறுதற்கு உதவுவது. இதனை ஆக்கியோருட் பெரும்பாலோர் இலங்கைப் பொறியியலாளரே. 2003 இல் நிறுவப்பெற்ற லங்கா மென்பொருள் அறக்கட்டளையும், 2005 இல் தொடங்கப்பெற்ற டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனமும் இம்முயற்சிக்குத் துணைநின்றன. இரண்டின் தோற்றத்திலும் சஞ்சீவ வீரவரண முதன்மையான பங்கு கொண்டவர். நூலகத்தின் 1.0 பதிப்பு 2007 இலும், 1.6.0 பதிப்பு 2009 இலும் வெளியாயின.

மரபு எதன்பொருட்டு என்பதை மலைநாட்டார்க்கு நெடிது விளக்க வேண்டுவதில்லை. தலவாக்கலையைச் சூழ்ந்த தோட்டங்களிற் கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்திக்கு ஒரு நிரை ஒதுக்கப்படுகின்றது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொய்யவேண்டும். செடியின் மேல்மட்டம் குலையாமற் கொய்யவேண்டும். மட்டத்தைக் குலைத்துக் கொய்தாலும் கூடை நிறையவே செய்யும்; அன்றைய நிறுவையில் அக்குறை தெரியாது. ஏறக்குறைய ஒரு வாரங் கழித்து அதே நிரைக்கு வருபவள் மற்றொருத்தியாக இருத்தல் கூடும். இடர்ப்படுபவள் அவளே. மேடும் பள்ளமுமான செடியில் எது இளங்கொழுந்து, எது முற்றல் என்று தேடிக் கைகள் தடுமாறும். நிரலுக்கும் இஃதொக்கும். மரபு பிறழ எழுதிய நிரலும் அன்று ஓடும், சோதனையில் தேறும், துன்பம் பின்வருவோனுக்கே. ஆயின் இவ்வொப்புமையை அளவுக்கு மீறி நீட்டுதல் நேர்மையாகாது. தோட்டத்தில் விதி வகுத்தவர் வேறு, கூடை சுமந்தவர் வேறு. நூலகத்தில் விதி வகுத்தோரும் அதற்கடங்கி எழுதியோரும் ஒருவரேயாவர். இவ்வேறுபாடு சிறியதன்று.

இனி அக்சிஸ்2/சி மரபேடு கூறும் விதிகளை நோக்குமிடத்து, அவை தம்முள் ஒரு தன்மையன அல்ல என்பது புலனாகும். சில விதிகள் மொழியின் இலக்கணத்தில் இல்லாத ஒன்றை நிரப்புவன. வேறு சில கண்ணுக்கு ஒழுங்கு தருவன. முன்னவற்றுள் முதன்மையானது பெயர் பற்றிய விதி.

சி மொழியில் நூலகங்கள் பலவற்றின் பெயர்களும் ஒரே பொது வெளியில் வந்து கலக்கின்றன. இரண்டு நூலகங்கள் தத்தம் சார்புக்குச் 'சேர்' என்று பெயரிட்டால், இரண்டையும் ஒருங்கே பயன்படுத்துவோன் முட்டுப்படுவான். இதனைத் தீர்க்கும் உறுப்பு மொழியில் இல்லாமையால், ஒவ்வொரு பெயரின் முன்னும் நூலகத்தின் பெயரையே ஒட்டி எழுதுவது வழக்காயிற்று. அக்சிஸ்2/சி இம்முன்னொட்டையும் மூன்றாகப் பகுத்துக்கொண்டது. நடுப்பகுதிக்கு 'அக்சிஸ்2', செய்தியின் மரவுருவை ஆளும் பகுதிக்கு 'அக்சியம்', பொதுக் கருவிகளுக்கு 'அக்ஸ்யூட்டில்' என்பன அவை. முன்னொட்டையடுத்து ஆளப்படும் பொருளின் பெயரும், ஈற்றில் வினையும் வரும். எல்லாம் சிற்றெழுத்தில், அடிக்கோட்டினால் இணைந்து நிற்கும். 'அக்ஸ்யூட்டில்_அறே_லிஸ்ட்_அட்' என்பது ஓர் எடுத்துக்காட்டு. 'கருவிப்பகுதி – வரிசைப் பட்டியல் – சேர்' என்பது இதன் பொருள்.

இவ்வமைப்பில் தமிழ் மாணவர் உவந்து நோக்குதற்குரிய செய்தியொன்றுண்டு. ஆங்கிலத்தில் ஏவல் வினை முன்னும் செயப்படுபொருள் பின்னுமாக நிற்பதே இயல்பு. விண்டோசு இயங்குதளத்தின் சார்புகள் அவ்வாறே 'கிறியேட்ஃபைல்', 'குளோஸ்ஹான்டில்' எனப் பெயர் பெற்றன. அக்சிஸ்2/சியிலோ பொருள் முன்னும் வினை ஈற்றிலும் வருகின்றன. 'பட்டியலிற் சேர்' என்னும் தமிழ்த் தொடரின் முறையே அங்குள்ளது. இலங்கையர் எழுதியமையால் இவ்வாறு அமைந்தது என்று துணிதல் பொருந்தாது. சிங்களமும் வினையை ஈற்றில் வைக்கும் மொழியே யாயினும், இம்முறை பிறநாட்டார் எழுதிய சி நூலகங்கள் பலவற்றிலும் காணப்படுவது. காரணம் வேறு. பெயர்களை அகர வரிசையில் அடுக்குமிடத்து, ஒரு பொருளை ஆளும் சார்புகளெல்லாம் ஓரிடத்தில் திரண்டு நிற்கும். பட்டியலை என்னென்ன செய்யலாம் என்று அறிய விரும்புவோன் ஒரு பக்கத்தைப் பார்த்தாற் போதும். எனினும், நிரல் என்றாலே ஆங்கில வாக்கியம் என்று அஞ்சி விலகும் மாணவனுக்கு, இப்பெயர்களின் வரன்முறை அவனுடைய வாய்மொழிக்கு அணித்தாயுள்ளது என்று ஆசிரியர் எடுத்துக்காட்டின் பயனுண்டு.

பெயர் விதியிற் குறையும் உண்டு. இந்நூலகம் முன்னொட்டை முழுமையாக எழுதிவிட்டு, அதனை அடுத்த பொருட்பெயரைச் சுருக்குகின்றது. சேவை என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'எஸ்-வி-சி' என்னும் மூன்று மெய்களாய்க் குறுகுகின்றது. சூழல் என்பது 'சி-ரி-எக்ஸ்' ஆகின்றது. செயற்பாடு 'ஓ-பி' என்னும் இரண்டெழுத்தாய்த் தேய்கின்றது. எல்லாப் பெயரிலும் வருவதாற் புதிதாய் எதையும் உணர்த்தாத முன்னொட்டு நீண்டு நிற்க, வேறுபாடுணர்த்தவேண்டிய சொல் உயிரிழந்து கிடக்கின்றது. மிகைபடக் கூறலும் குன்றக் கூறலும் ஒரே பெயருக்குள் வந்துற்றவாறு இது. ஏட்டுச்சுவடிகளிற் புள்ளியிடப்படாத மெய்களைக் கண்டு பதிப்பாசிரியர் இடர்ப்பட்டனர். ஆயினும் புள்ளி குத்தின் ஓலை கிழியும் என்னும் காரணம் அன்றிருந்தது. சி மொழிக்கும் அவ்வாறு ஒரு காரணம் ஒருகாலத்திருந்தது. 1989 ஆம் ஆண்டின் மொழித் தரம், வெளிப்படப் பயிலும் பெயரின் முதல் ஆறு எழுத்துக்களை வேறுபடுத்தினாற் போதும் என்றே தொகுப்பான்களுக்கு விதித்தது. பழைய சார்புப் பெயர்கள் சொல்லின் நடுவிலும் கடையிலும் எழுத்திழந்து நிற்பது இக்கால நெருக்கடியின் விளைவு. யுனிக்ஸில் 'கிறியேட்' என்னும் சார்பு ஈற்றெழுத்தின்றியே இன்றும் வழங்குகின்றது. யுனிக்ஸை மீண்டும் ஆக்குவதாயின் எதை மாற்றுவீர் என்ற வினாவுக்கு, அவ்வெழுத்தைச் சேர்ப்பேன் என்று கென் தொம்சன் விடை கூறியதாகச் சொல்வர். 1999 ஆம் ஆண்டுத் தரம் அவ்வெல்லையை 31 எழுத்துக்களாக உயர்த்திவிட்டது. அதன்பின்னர் எழுதப்பெற்ற நூலகத்திற் சுருக்கம் வேண்டுவதன்று. அது பழக்கத்தின் எச்சமேயாகும்.

குறியீட்டுப் பெயர்கள் பொருளிழந்தும் நிலைபெறுதல் தேயிலைத் தொழிலும் அறிந்ததே. தலவாக்கலைத் தொழிற்சாலையில் 'பி.ஓ.பி.' என்று முத்திரையிட்ட தேயிலையைக் கொழும்பு ஏலத்திற் கொள்வோர், அனுப்பியவரைக் காணாமலே, இலையின் பருமனை அறிவர். அவ்வேலம் 1883 இல் தொடங்கியது. நடுநின்ற 'ஓ' தோடம்பழத்தின் ஆங்கிலப் பெயரைக் குறிப்பது. தேயிலையில் அப்பழமும் இல்லை, அதன் சுவையும் இல்லை. இருந்தும் பெயர் தன் கடமையைச் செய்கின்றது. சென்ற் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் தம் செடிவகைகளுக்கு 'ரி.ஆர்.ஐ. 2025' என்றவாறு எண்ணாற் பெயரிட்டனர். அப்பெயர் செடியின் இயல்பு எதனையும் கூறாது. பதிவேட்டைப் பார்த்தே அறியவேண்டும். பதிவேடு கைக்கெட்டும் தூரத்திலிருக்கும்வரை அதனாற் கேடில்லை. நிரலைப் படிப்போன் ஒரு பக்கத்தில் நூறு பெயர்களைக் கடக்கின்றான். ஒவ்வொன்றுக்கும் பதிவேடு புரட்ட அவனுக்குப் பொழுதில்லை.

இலக்கணக் குறையை நிரப்பும் விதிகளுள் இரண்டாவது 'சூழல்' பற்றியது. சி மொழியில் நினைவகத்தை வேண்டிப் பெறுதலும் திருப்பிக் கொடுத்தலும் நிரலாளன் கடமை. பிழை நேர்ந்ததை அறிவித்தற்கும் மொழியில் தனி வழியில்லை. அக்சிஸ்2/சி ஆக்கியோர் நினைவகம் வழங்குவது, பிழையைக் குறித்துவைப்பது, நிகழ்ச்சிக் குறிப்பெழுதுவது, இழைகளை ஆள்வது ஆகிய நான்கையும் ஒரு கட்டாகக் கட்டி, அதற்குச் சூழல் என்று பெயரிட்டு, ஏறக்குறைய எல்லாச் சார்புகளுக்கும் அதனைக் கையளித்தனர். படைக்கும் சார்பில் அது முதலாவதாக வரும். ஏனையவற்றில் ஆளப்படும் பொருளை அடுத்து இரண்டாவதாக வரும். முதன்முறை காண்போர்க்கு இது சலிப்பூட்டுவது. ஆயினும் இந்நூலகத்தின் தலைசிறந்த மரபு இதுவே எனலாம். ஒரு வலைவழங்கிக்குள் இந்நூலகத்தை அமர்த்துவோன் அவ்வழங்கியின் நினைவக முறையையே சூழலில் இட்டு அனுப்பலாம். நூலகத்தின் உள்ளே ஒரு வரியையும் மாற்றவேண்டுவதில்லை. சலிப்பாகத் தோன்றிய மரபு, எழுதியோர் காணாத இடங்களுக்கும் நூலகத்தைக் கொண்டுசென்றது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில் தோன்றிய, மலைநாட்டார் நன்கறிந்த மரமொன்றின் பெயர் பூண்ட, யூக்கலிப்டஸ் என்னும் மேகக்கணிமைத் தொகுதி, தன் உறுப்புக்கள் செய்தி பரிமாறுதற்கு இலங்கையர் ஆக்கிய இந்நூலகத்தையே கொண்டது.

சூழலிற் பெற்ற இவ்வெற்றி உடைமை பற்றிய பகுதியில் தொடரவில்லை. படைக்கும் சார்புக்கு ஈற்றில் 'கிறியேட்' என்றும், அழிக்கும் சார்புக்கு 'ஃபிறீ' என்றும் இணையாகப் பெயரிடுதல் நன்று. இடைப்பட்டது 'கெட்' என்னும் வினை. ஒன்றைப் பெற்றவன் அதனைத் தன்னுடையதாகக் கொண்டு பின்னர் அழிக்கவேண்டுமா, அன்றி இரவலாகப் பெற்றுப் பார்த்துவிட்டு விடவேண்டுமா என்பதைப் பெயர் கூறுவதில்லை. இரவற் பொருளை அழித்தால் உடையவன் பின்னர் அதனைத் தேடுமிடத்து நிரல் சரிந்து வீழும். கொடையாகப் பெற்றதை அழிக்காது விட்டால் நினைவகம் சிறிது சிறிதாகக் கசியும். பல நாள் இடையறாது இயங்கவேண்டிய வழங்கியிற் பின்னது முன்னதினுங் கொடிது. கேட்டின் பிறப்பிடம் தோன்றாமையால். இவ்விடர்ப்பாட்டைப் பெயராலேயே தீர்த்த மரபும் உலகில் உண்டு. அப்பிள் நிறுவனத்தின் கோர் ஃபவுண்டேசன் என்னும் சி நூலகத்தில், பெயரிற் 'கிறியேட்' அல்லது 'கொப்பி' என்னும் சொல் வரின் பெற்றவனே உடையவன்; 'கெட்' வரின் இரவல். மூன்று சொற்களால் நூலகம் முழுமைக்கும் ஐயம் அகன்றது. அக்சிஸ்2/சியிலோ சார்பின் தலையிலுள்ள குறிப்புரையை நம்பவேண்டும். குறிப்புரை வாய்மூடி நின்றால் உட்புகுந்து நிரலைப் படிக்கவேண்டும். இது மயங்க வைத்தல் என்னும் குற்றத்தின்பாற்படும். மரபேட்டில் மிக விரிந்திருக்கவேண்டிய பகுதி இது. அங்கு பெரும்பகுதியைக் கவர்ந்து நிற்பனவோ பெயரும் வரியமைப்புமே.

வரியமைப்புப் பற்றிய விதிகள் மாணவருலகில் மிகுந்த வாதத்துக்கு உள்ளாவன. ஆயினும் அவ்வாதம் பெரும்பாலும் வீண். அக்சிஸ்2/சி உள்தள்ளலுக்கு நான்கு இடைவெளி என்றும், நெளி அடைப்புக்குறி தனி வரியில் நிற்கவேண்டும் என்றும் விதிக்கின்றது. லினக்ஸ் கருவை ஆக்குவோர் எட்டு இடத் தத்தலைக் கொள்வர். குனூ அமைப்பினர் இரண்டு இடைவெளியே போதும் என்பர். இவற்றுள் ஒன்று அறிவுடையது, மற்றையது அறிவற்றது என்று தீர்த்தற்கு அளவுகோல் இல்லை. கன்றைக் கன்று என்பது போல, இங்கு வழக்கே விதி. ஒரே நூலகத்தில் இரண்டு வழக்குக் கலவாதிருத்தலொன்றே வேண்டுவது. ஓப்பின் எஸ்.எஸ்.எல். என்னும் மறைக்குறி நூலகத்தில், 2014 இல் உலகறிய வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' குறைபாட்டின் பின்னர், 2015 இல் நிரல் முழுவதையும் ஒரே நடைக்கு மாற்றியமைத்தனர். அக்குறைபாடு நடைப்பிழையால் நேர்ந்ததன்று. உள்ளீட்டின் அளவைச் சரிபாராமையால் நேர்ந்தது. ஆயினும் பிறர் வந்து படித்துப் பிழைகாணவேண்டுமாயின் முதலிற் படிக்கத்தக்கதாக ஆக்கவேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்தனர். பாடல்களையும் உரைகளையும் சந்தி பிரித்தும் குறியீடுகள் இட்டும் அச்சேற்றிய நல்லூர் ஆறுமுகநாவலர் (1822–1879) தமிழிலக்கணத்தை மாற்றியவரல்லர். படிப்போர் தொகையைப் பெருக்கியவர்.

ஆயினும் வரியமைப்பு வெறும் அழகே என்று தள்ளிவிடுதற்கும் இயலாது. இலங்கையில் உயர்தரத்திற் பைதன் மொழியைக் கற்று வரும் மாணவனுக்கு உள்தள்ளல் இலக்கணமேயாகும். அங்கு ஓரிடைவெளி பிறழ்ந்தாலும் நிரல் நில்லாது. அவன் சி மொழிக்கு வருமிடத்துக் கண் ஒன்றைக் காண்கின்றது, தொகுப்பான் வேறொன்றைக் கொள்கின்றது. 2014 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனம் அவசரமாகத் திருத்திய பிழை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் விழுந்ததாகும். பாதுகாப்பான இணைப்பில், எதிர்ப்பக்கத்து வழங்கி தன் ஒப்பத்தினால் தன்னை மெய்ப்பிக்கின்றதா என்று ஆராயும் சார்பில், 'பிழையாயின் வெளியே பாய்க' என்னும் பொருளுடைய வரி இருமுறை எழுதப்பட்டிருந்தது. நிபந்தனைக்கு அடைப்புக்குறி இடப்படவில்லை. ஆதலின் முதல் வரி மட்டுமே நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது, நிபந்தனையின்றி எப்போதும் பாய்ந்தது. இரண்டும் ஒரே அளவு உள்தள்ளி நின்றமையாற் கண்ணுக்கு இரண்டும் நிபந்தனைக்கு அடங்கியனவாகவே தோன்றின. ஒப்பத்தை ஆராயாமலே 'சரி' என்னும் விடை சென்றது. கோடிக்கணக்கானோர் கருவிகளில் அக்காப்பு வெறும் பெயரளவாயிற்று. கிளைக்கட்டளைகளைத் தனிவரியில் நிற்கும் அடைப்புக்குறிகளுக்குள் அடக்கும் அக்சிஸ்2/சி வழக்கில், அவ்விரண்டாம் வரியும் அடைப்புக்குள் விழுந்து, பயனற்றதாயினும் தீங்கற்றதாக முடிந்திருக்கும். இடத்தை வீணாக்குகின்றது என்று பலராற் குறைகூறப்படும் இவ்வழக்கு, அக்குறையைத் தாங்கத் தகுந்ததே.

அக்சிஸ்2/சி 2009 ஆம் ஆண்டுப் பதிப்பின் பின்னர் நெடுங்காலம் புதிய பதிப்பின்றி நின்றது. ஆக்கியோர் பலர் வேறு பணிகளுக்குச் சென்றனர். செய்தி பரிமாறும் முறைகளும் மாறின. கவ்வாத்துச் செய்யப்பட்ட செடி மீண்டும் தளிர்ப்பதுபோல, கைவிடப்பட்ட கட்டற்ற மென்பொருளும் எவரேனும் வந்து தொடுதற்குத் திறந்தே கிடப்பது. அவ்வாறு வருவோன் எழுதியோரை வினவ முடியாதவன். ஈற்றில் வினை கொண்ட பெயர்கள் அவனுக்கு வழிகாட்டும். சூழல் அவனைக் கைப்பிடித்து நடத்தும். நான்கு இடைவெளி ஓரிடத்தும் அவன் கண்ணை உறுத்தாது. 'கெட்' என்று முடியும் ஒரு சார்பின் முன்னே மட்டும், பெற்றதை அழிப்பதா விடுவதா என்று அறியாது, அவன் நின்றுவிடுவான்.